ஒலிக்காத கல்

அத்தியாயம் 4

அந்த வீடியோவை மறுபடியும் போட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் பார்க்கத்தான் எங்களை அமர்த்தியிருக்கிறார்கள்.

பச்சைப் பட்டு உடுத்திய ஒரு பெண் கல் தரையில் மண்டியிட்டிருக்கிறாள். எதிரே தங்க வர்ணம் பூசிய சிம்மாசனம். பக்கத்தில் கறுப்புத் தொப்பியும் தரை கூட்டும் அங்கியுமாக ஒரு பெரியவர் நின்று, சீன மொழியில் கட்டளை சொல்கிறார். ஒவ்வொரு கட்டளைக்கும் அவள் நெற்றியைத் தரையில் மோதுகிறாள். மூன்று மோதல் ஆனதும் எழ வேண்டும். மறுபடி மண்டி, மறுபடி மூன்று. பிறகு இன்னொரு முறை. சீனச் சக்கரவர்த்தியின் சபையில் மந்திரிகள் இப்படித்தான் வணங்கினார்களாம். மந்திரிகளுக்காவது பதவி மிஞ்சியது.

பெண்ணின் பெயர் புஷ்பா. ரங்கூனில் தாகேதாப் பக்கத்துக்காரி. கட்டளை சொல்கிற பெரியவர் நல்லையா. அவளைப் பெற்றவர்.

"எழுந்திருன்னு சொல்றதுக்குச் சீனத்திலே 'ச்சீ'யாம்," என்றார் ஜுல்ஃபிகர் நானா, காதில் ஹெட்போனோடு. "பெத்த அப்பன் மகளைப் பார்த்து மூணு தடவை ச்சீங்கிறான். அர்த்தம் தெரிஞ்சும் கேக்க முடியலை, தெரியாமலும் கேக்க முடியலை."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நானாவுக்கு வயிறு எரிந்தால்தான் வாயில் நகைச்சுவை வரும்.

நான் ரஹீமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். சட்டம் படித்தேன். படித்ததை வைத்து இப்போது கல்யாண மாப்பிள்ளைகள் எங்கே குடிக்கிறார்கள், யாரோடு சுற்றுகிறார்கள் என்று துப்புத் துலக்கிப் பெண் வீட்டாருக்குச் சொல்கிறேன். அண்ணன் முறைக்கு நான் நானா என்றழைக்கும் இவர் கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்தவர். "நான் எடுத்த ஜோடியிலே பாதி இப்ப கோர்ட்டிலே நிக்குது. அதான் தொழிலை மாத்தி, முன்னாடியே தடுத்துடலாம்னு உன்கூடச் சேர்ந்தேன்," என்பார்.

இந்த முறை மாப்பிள்ளை விவகாரம் இல்லை. எங்களைக் கூப்பிட்டது புஷ்பாவின் அம்மா பவுனம்மாள்.

சீனர்கள் பேட்டையான லத்தாவில் 'செவ்வாசல்' என்று ஒரு விருந்தகம் இருக்கிறது. காசுள்ளவர்கள் பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் அங்கே போய்ச் சக்கரவர்த்தி வேஷம் கட்டிக்கொள்வார்கள். வீட்டுப் பெரியவர் மஞ்சள் அங்கி போட்டுச் சிம்மாசனத்தில் உட்காருவார். பிள்ளை குட்டிகள் தரையில் தலை மோதி வணங்கும். அரண்மனைப் பணிப்பெண் வேஷத்தில் ஒருத்தி, தட்டில் 'ரூயி' கொண்டுவந்து பெரியவர் கையில் கொடுப்பாள். ரூயி என்பது ஜேட் கல்லில் கடைந்த வளைந்த கோல். முழங்கை நீளம், தலைப்பக்கம் மேகம் போல் சுருண்டிருக்கும். நினைத்தது நடக்கும் என்பதற்கு அடையாளமாம். அந்தத் தட்டைத் தூக்குகிறவள் புஷ்பா. ரூயி இருக்கும் அலமாரியின் சாவியும் அவளிடம்தான்.

சனிக்கிழமை அலமாரி காலியாக இருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி புஷ்பாவின் பையில். முதலாளி அம்மா டோ கின் மே தன் சீனக் குலத்துப் பெரியவர்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் புஷ்பாவை மண்டியிட வைத்தார். அரண்மனைப் பொருளைத் தொலைத்தவர் அரண்மனை முறைப்படி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். யாரோ அதை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். ஃபேஸ்புக்குக்குத் தடை என்பதால் ஊரே வி.பி.என். போட்டுப் பார்த்தது. நம் தமிழ் ஆட்கள்தான் அதிகம் பகிர்ந்தார்கள். 'நம்ம மானத்தை வாங்கிட்டா' என்று மேலே எழுதி, அந்த மானத்தை இவர்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இன்று திங்கள். சாயங்காலத்துக்குள் ரூயி வராவிட்டால் போலீசில் புகார் என்று டோ கின் மே சொல்லியிருந்தார். ராணுவம் ஆளும் இன்றைய ரங்கூனில் ஒரு பெண்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்குள் போவதென்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

காலையில் தாகேதாவுக்குப் போய்வந்தோம். வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. பவுனம்மாள் அக்கா எங்களை வாசலில் நிற்கவிடாமல் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். புஷ்பா நெற்றியில் தநாக்கா மரப்பட்டைச் சாந்தைக் கெட்டியாக அப்பியிருந்தாள். அதற்கும் அடியில் நீலம் தெரிந்தது.

"என்ன நடந்துச்சு, புஷ்பா?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லேக்கா. விட்டுடுங்க."

"நீ எடுக்கலைதானே?"

"விட்டுடுங்கன்னு சொல்றேன்ல."

"அப்பா எங்கே?"

பவுனம்மாள் அக்கா தரையைப் பார்த்தார். "வேலைக்குப் போயிருக்காரும்மா. போகாட்டா இன்னும் தப்பா நினைப்பாங்களாம்."

மகளை மண்டியிட வைத்த இடத்துக்கே போய் வேஷம் கட்டுகிற மனிதரை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அவர் எப்படித்தான் அந்தப் படியேறினாரோ என்று பாவமாகவும் இருந்தது. இரண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு லத்தாவுக்கு வந்து, செவ்வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம்.

நானா ஹெட்போனை என் காதில் மாட்டினார்.

"கேளு. போன மாசம் ஒருத்தர் போட்ட வீடியோ. தாத்தா சிம்மாசனத்திலே. பேரன் தலை மோதுறான்."

டொங். வெண்கலக் குடத்தைத் தட்டியது போல் ஒரு முழக்கம்.

"இது இன்னொரு குடும்பம்."

டொங்.

"இப்ப நம்ம புஷ்பா."

தொப். தொப். தொப்.

"கேமரா தூரத்திலே இருந்திருக்கும், நானா."

"தூரமா? அவ மூச்சு வாங்குறது கேக்குது. மோதுற சத்தம் மட்டும் கேக்காதா? ஒரே சபை, ஒரே தரை. பேரன் மண்டை வெண்கலம், இவ மண்டை மண்ணா?"

டீயைக் குடிக்காமல் எழுந்தேன்.

*

கரண்ட் இல்லை. செவ்வாசலின் ஜெனரேட்டர் தெருவே அதிரும்படி உறுமியது. உள்ளே சிவப்புத் தூண்கள், சிம்மாசனத்தின் இரு பக்கமும் ஆள் உயர வெண்கலக் கொக்குகள், நடுவே சாம்பல் நிறக் கல் பாவிய தரை. வாசலில் நின்ற பையன், சிம்மாசனத்துக்கு முதுகு காட்டக் கூடாது, திரும்பும்போது பின்புறமாகவே நடந்து வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான்.

"எங்க மாமியார் வீட்டிலேயும் இதேதான்," என்றார் நானா. "அங்கே கொக்கு மட்டும்தான் இல்லை."

டோ கின் மே எங்களை உட்காரச் சொல்லவில்லை. அறுபது வயது, நெற்றிக்கு மேல் ஒரு முடி கலையாத கொண்டை. பேச்செல்லாம் பர்மியத்தில்.

"அந்தப் பெண்ணின் வக்கீலா?"

"வக்கீல் படிப்புப் படித்தவள். திருடினாள் என்பதற்கு என்ன சாட்சி வைத்திருக்கிறீர்கள்?"

"சாவி அவளிடம். வேறு என்ன வேண்டும்?"

"சாட்சி வேண்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வேறு பக்கம் போனேன். "தரையில் தலை மோதினால் மணியடிக்கிறதே, அதற்கு ஸ்பீக்கர் எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

முகம் மலர்ந்துவிட்டது. பெருமை உள்ளவர்களைப் பேச வைக்க அவர்கள் பெருமையைத் தொட்டால் போதும்.

"ஸ்பீக்கரா! எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் தாத்தா சொன்ன கதை, கேள். சக்கரவர்த்தியின் சபையில் சில கற்களுக்கு அடியில் சட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்களாம். அந்தக் கல்லில் மோதினால் முழங்கும். பக்தி சக்கரவர்த்தியின் காதுக்குப் போகும். எந்தக் கல் என்பது அந்தப்புரக் காவலர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கவனித்தவனை அந்தக் கல்லுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கவனிக்காதவன் நெற்றி வீங்கும்வரை மோதினாலும் சத்தம் வராது."

"லஞ்சம் வாங்கி பக்திக்கு வால்யூம் வச்சிருக்கான்," என்றார் நானா தமிழில்.

"இங்கேயும் ஒரு கல்லுக்கு அடியில் பெரிய சட்டி இருக்கிறது," என்று தொடர்ந்தார் டோ கின் மே. "எந்தக் கல் என்று கேட்காதே. எனக்கும் நல்லையாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவன்தான் விருந்தாளியைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் நிறுத்துவான். நல்ல குரல், நல்ல நடை. காளி கோவில் திருவிழாவில் மைக் பிடித்துக்கொண்டிருந்தவனை நான்தான் அழைத்துவந்தேன்."

"அந்த நல்ல குரலை வைத்துத்தான் அவர் மகளை மோத வைத்தீர்கள்."

"வேறு யாருக்கு முறை தெரியும்?" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் நானா கைப்பேசியை நீட்டினார். பழைய வீடியோக்களில் விருந்தாளிகள் மோதும் கல் இடப்பக்கக் கொக்கின் காலை ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலும் அதே கல். புஷ்பா மண்டியிட்டது அதற்கு அடுத்த கல்.

கைப்பேசியை வாங்கி மறுபடி பார்த்தேன். "நானா, அவர் வேணும்னே கல்லை மாத்தியிருக்கார். மகளோட அவமானம் சபை முழுக்க முழங்கக் கூடாதுன்னு ஓசை இல்லாத கல்லிலே நிறுத்தியிருக்கார்."

நானா இன்னொரு வீடியோவைத் தட்டினார். "நேத்து ஞாயித்துக்கிழமை எடுத்தது. ஒரு பாட்டிக்குப் பிறந்தநாள். பேத்தி மோதுறா. கல்லைப் பாரு. கொக்கு காலுக்குப் பக்கத்திலே. சரியான கல்லுதான்."

தொப்.

வீடியோவில் யாரோ 'சத்தம் வரலையே' என்று கத்துகிறார்கள். பேத்தி பலமாக மோதுகிறாள். தொப். பாட்டி முகம் சுருங்கிப்போகிறது. டோ கின் மே அந்த வீடியோவில் எங்குமே இல்லை.

"சட்டி ஊமையாயிடுச்சு," என்றார் நானா. "சட்டி ஏன் ஊமையாகும்? உள்ளே எதையாவது அடைச்சா ஆகும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரூயி இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

"ரெண்டு பேருக்குத்தான் அந்தக் கல் தெரியும்," என்றேன். "அந்தம்மாதான் ஒளிச்சிருக்கா. வீடியோ வந்ததிலே இருந்து கூட்டம் எப்படின்னு பார்த்தீங்களா? வாசலிலே நின்னு போட்டோ எடுக்குறாங்க. இதைவிட விளம்பரம் வேணுமா?"

"ரெண்டு பேர்லே ஒருத்தரைக் கழிச்சிட்டியே, எதை வச்சுக் கழிச்சே?"

"பெத்தவர், நானா. தான் ஒளிச்சு வச்சுட்டு மகளை மண்டி போட வைப்பாரா?"

"நீ சொல்றது துப்பு இல்லேம்மா. உன் ஆசை."

நான் காதில் வாங்கவில்லை. அந்தக் கொண்டையைக் கலைத்துப் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்கு. ஏழைப் பெண்ணை மண்டியிட வைத்த பணக்காரிதான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று நான் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டேன். சாட்சி அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

*

வெயில் சாயத் தொடங்கியதும் புஷ்பா வந்தாள். வரச் சொல்லியிருந்தது டோ கின் மே. அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பணியாளர்கள் தூண்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். நல்லையா வேஷத்தோடு கொக்கின் அருகில் நின்றார். தொப்பியின் நிழலில் முகம் சரியாகத் தெரியவில்லை. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லுங்கள்," என்றேன்.

"எதற்கு?"

"காது கேட்க வேண்டும்."

நிறுத்தினார்கள். சபை அமைதியானது. நான் நடுவில் போய் நின்றேன். சிம்மாசனத்துக்கு முதுகு காட்டித்தான் நின்றேன்.

"போலீசைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துவிடலாம். நானா."

"தலையாலேயா?"

"முக்காலியாலே."

நானா கேமரா முக்காலியின் காலால் புஷ்பா மண்டியிட்ட கல்லைத் தட்டினார். தொப். அடுத்து, கொக்கின் காலை ஒட்டிய கல். தொப்.

"டோ கின் மே, இது முழங்க வேண்டிய கல். ஏன் முழங்கவில்லை? இதற்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?"

அவர் குற்றம் பிடிபட்டவர் மாதிரி விழிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கல்லுக்கு முன்னால் தொப்பென்று மண்டியிட்டார். விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"சட்டி உடைந்துவிட்டதா? ஐயோ, யார் உடைத்தது? யாராவது கம்பி கொண்டுவாருங்கள்!"

ஒளித்து வைத்தவர் இப்படிப் பதறிக்கொண்டு தோண்ட மாட்டார்.

"அக்கா." புஷ்பா தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "வேண்டாங்கக்கா. நான்தான் எடுத்தேன். போலீஸ்லே சொல்லிக்கிறேன். அந்தக் கல்லை மட்டும் விட்டுடுங்க."

அவள் கல்லைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

நிறுத்துங்கள் என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் புஷ்பா ஸ்டேஷனுக்குப் போவாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கம்பி வந்தது. கல் எழும்பியது. டோ கின் மே சட்டியைத் தூக்கினார். உள்ளே கறுப்புத் துணி திணித்திருந்தது. துணி என்றா சொன்னேன்? அகலமான இடைக்கச்சு. நல்லையாவின் அங்கி மேல் கட்டுவது. இன்று அவர் இடுப்பில் கயிறு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிரித்தார்கள். ரூயி இரண்டு துண்டாகக் கிடந்தது.

நல்லையா தொப்பியைக் கழற்றினார்.

"திருடலை," என்றார் பர்மியத்தில். "அமே, நான் திருடலை. ஒடைஞ்சுபோச்சு."

'அமே' என்றால் அம்மா. முதலாளியை இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"எப்படி உடைந்தது?" டோ கின் மே இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். "தூசி தட்டும்போதா?"

நானா கையைப் பிசைந்தார். "ஆமான்னு சொல்லிடுங்க அண்ணே," என்று தமிழில் முணுமுணுத்தார். "ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

நல்லையாவின் உதடு அசைந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்திருக்க வேண்டும். பார்வை அவள் நெற்றியில் போய் நின்றது.

"உக்காந்தேன்," என்றார்.

"எங்கே?"

அவர் சிம்மாசனத்தைக் காட்டினார். கை பாதிதான் எழும்பியது.

தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் இந்த மூன்று நாளும் பயந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். காலையில் சபையைத் திறக்கிறவர் அவர்தான். சனிக்கிழமை காலையில் யாரும் இல்லை. முதல் நாள் ராத்திரியே மகள் பையிலிருந்து சாவியை எடுத்து வைத்திருந்தார். மஞ்சள் அங்கியைத் தொடவில்லை, அவ்வளவு துணிச்சல் இல்லை. ரூயியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து தானே கட்டளை சொல்லிப் பார்த்தார். மண்டியிடு. மோது. எழு. வெறும் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பதறி எழுந்தார். கோல் கை நழுவியது. வந்தவர் உள்கட்டுக்குப் போனதும் கல்லைப் பெயர்த்துத் துண்டுகளைச் சட்டிக்குள் ஒளித்தார், அலமாரியைப் பூட்டிச் சாவியை மகள் பையில் திரும்பப் போட்டார்.

"ஒடைச்சேன்னு சொன்னா, எங்கே, எப்படின்னு கேப்பாங்க," என்றார் என்னிடம், இப்போது தமிழில். "காளி கோவில் நல்லையா சீன ராசாவா உக்காந்தான்னு ஊரே சிரிக்கும். அன்னிக்குச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேம்மா. திறந்தா, அமே சொன்ன கட்டளைதான் வந்துச்சு."

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்காமல் விட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

"புஷ்பாவை ஏன் அடுத்த கல்லிலே நிறுத்தினீங்க?"

அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

"சரியான கல்லிலே நிறுத்தினா முழங்காது. அமேக்குத் தெரிஞ்சுபோகும். அடுத்த கல்லிலேன்னா, ஏதோ மகளுக்காக மாத்தி நிறுத்திட்டான்னு விட்டுடுவாங்க."

நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். அவரிடம் இல்லாத கருணையை நானே அவருக்குக் கொடுத்து, அதற்கு உருகவும் செய்திருந்தேன். படித்தவள் என்று பெயர். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நானாவைப் பார்த்தேன். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் மனிதர் முக்காலியை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

டோ கின் மே எழுந்து முட்டியைத் தட்டிவிட்டார். உடைந்த துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். அவை பொருந்தின. கையை எடுத்ததும் பிரிந்தன.

"போலீஸ் வேண்டாம்," என்றார். "நல்லையா நாளையிலிருந்து வர வேண்டாம். நீங்கள் போகலாம்."

"போக மாட்டேன்," என்றேன்.

"இன்னும் என்ன? இவர்கள் வீட்டு அசிங்கத்தை நீதானே தோண்டி எடுத்தாய்?"

"நான்தான். அதற்கு நான் வெட்கப்பட்டுக்கொள்கிறேன். உங்கள் பங்கு மிச்சம் இருக்கிறது. தொலைத்தவள் மன்னிப்புக் கேட்க உங்கள் சபையில் ஒரு முறை வைத்திருந்தீர்கள். செய்யாதவள் மேல் பழி போட்டவர் மன்னிப்புக் கேட்க என்ன முறை?"

பணியாளர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்டியிடச் சொல்கிறாயா?"

"அதை இந்தப் பெண் போதுமான அளவு செய்துவிட்டாள். நின்றுகொண்டே சொல்லுங்கள். நானா, கேமரா."

டோ கின் மே கொக்கின் பக்கத்தில் நின்று சொன்னார். புஷ்பா திருடவில்லை. அவளை மண்டியிட வைத்தது என் தவறு. இரண்டே வாக்கியம். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கம்மியது. நல்லையாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று எங்களில் யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

"பழைய வீடியோவை ஆயிரம் பேர் பார்த்தா, இதைப் பத்து பேர் பார்ப்பாங்க," என்றார் நானா.

"பத்து பேருக்காவது அனுப்புங்க."

அவர் அனுப்பத் தொடங்கினார்.

நல்லையா அங்கியைக் கழற்றி மடித்துக் கீழே வைத்தார். உள்ளே பழைய லுங்கியும் கிழிந்த பனியனும், கழுத்தில் ஒரு வியர்வைத் துண்டும். அந்த வேஷத்தை எடுத்துவிட்டால் மனிதர் இவ்வளவு ஒல்லியா என்று இருந்தது. மகள் பக்கம் போகத் தைரியம் இல்லாமல் கல் பெயர்ந்த குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புஷ்பாதான் போனாள்.

"சாவி என் பையிலே இடம் மாறி இருந்துச்சு," என்றாள். "வீட்டிலே அதைத் தொட உங்களை விட்டா யாருமில்லே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. எடுத்து வித்துட்டீங்கன்னு நினைச்சேன். மோதுறப்போ எல்லாம் அதான் நினைச்சேன், எங்கப்பா திருடன்னு."

"புஷ்பா..."

"நான் வாயைத் திறக்காம இருந்தது உங்களுக்காக. நீங்க வாயைத் திறக்காம இருந்தது யாருக்காகப்பா?"

ஜெனரேட்டரைப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள். சபை இருட்டத் தொடங்கியிருந்தது.

அவள் சிம்மாசனத்தை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டாள்.

"நிஜமாவே உக்காந்தீங்களா?"

"உம்."

"எப்படி இருந்துச்சு?"

நல்லையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"காலு தரையிலே எட்டலைம்மா."